பின்மூடியைத் திறந்து பார்க்காமல் வாங்கிய இருபது செட்

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வந்து கடையைத் திறந்துகொண்டிருந்தேன். எங்கள் ஊர்ச் சகோதரி ஒருவர் ஒரு சொப்பிங் பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பைக்குள் பழைய துணியில் சுற்றிய கறுப்பு நிறச் சாமான் ஒன்று இருந்தது. சொனி கம்பனியின் ‘பிளேஸ்டேஷன் போர்ட்டபிள்’. நமது பிள்ளைகள் பிஎஸ்பி என்று சொல்வார்களே, அந்தக் கையடக்க கேம் செட்தான்.

“காக்கா, இது உங்கட கடையில வாங்கினதுதான். இப்ப மகன்ட பிள்ள எடுத்து விளையாடக் கேக்குது. பின்பக்கம் ஊதிப் போய்க் கிடக்கு. வெடிச்சிருமோ எண்டு பயமா இருக்கு. ஒருக்காப் பாருங்க” என்றார்.

“சார்ஜரில போட்டீங்களா தங்கச்சி?”

“இல்ல. பயத்துல தொடவே இல்ல.”

நல்ல காரியம் செய்தார். ஊதிய லித்தியம் பற்றரிக்கு சார்ஜ் ஏற்றக்கூடாது, அமுக்கக்கூடாது, குத்தக்கூடாது. உள்ளே வாயு சேர்ந்துதான் அது ஊதுகிறது. போனோ, கேம் செட்டோ, டோர்ச்சோ எதுவானாலும் இதுதான் விதி. நான் மூடியை மெதுவாகக் கழற்றி, பற்றரியை எடுத்து, மணல் போட்ட பிஸ்கட் தகரத்தில் வைத்துக் கடைக்கு வெளியே கொண்டுபோய் வைத்தேன்.

அந்தச் செட்டை எனக்கு நன்றாக நினைவிருந்தது. 2009 இல் அதே மேசையில் வைத்து 17,000 ரூபாவுக்கு நான்தான் விற்றேன். சவூதியில் வீட்டு வேலை செய்துவிட்டு விடுமுறையில் வந்திருந்த அந்தத் தாய், மகன் கேட்டான் என்பதற்காக வாங்கினார். அன்று விற்ற விதம்தான் மனதில் முள்ளாக இருந்தது. வர்த்தக சகோதரர்களுக்கு அது பயன்படலாம் என்பதால் இந்த வாரம் அதையே எழுதுகிறேன்.

இரண்டு இலட்சத்து எழுபதாயிரம்

2006 ஆகஸ்டில் யுத்தம் மூதூருக்குள் வந்து, ஊரே கந்தளாய்ப் பக்கம் இடம்பெயர்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். திரும்பி வந்தபோது என் கடையில் மிஞ்சியிருந்தது ஒரு கண்ணாடி அலுமாரியும் ஓடாத இரண்டு சுவர்க் கடிகாரங்களும்தான். மூன்று வருடம் சில்லறைச் சாமான் விற்று, ஓரளவு நிமிர்ந்தது 2009 இல். மத்திய கிழக்கிலிருந்து ஊருக்குப் பணம் வந்துகொண்டிருந்த காலம். பிள்ளைகளுக்கோ இந்த கேம் செட்டில் பைத்தியம்.

கொழும்பு புறக்கோட்டையில் ஒரு வியாபாரி, பாவித்த பிஎஸ்பி இருபது இருக்கிறது, ஒன்று 13,500 படி முழுவதையும் எடுத்தால் தருகிறேன் என்றார். அவருடைய பெயர் இங்கே தேவையில்லை. “கேம் எல்லாம் போட்டிருக்கு ஹாஜியார், வாங்கிக்கொண்டு போய் விளையாட வேண்டியதுதான்” என்றார். நான் அப்போது ஹஜ் செய்திருக்கவில்லை. புறக்கோட்டையில் தாடி வைத்தவர்கள் எல்லோரும் ஹாஜியார்தான்.

ஒவ்வொன்றாக ஓன் செய்து பார்த்தேன். ஸ்கிரீன் பளிச்சென்று எரிந்தது. பாட்டுப் பாடியது, படம் ஓடியது. திருப்தியாகக் காசைக் கொடுத்தேன். ஒரு செட்டின் பின்மூடியைக்கூடத் திறக்கவில்லை. பார்சலை மடியில் வைத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் திருகோணமலை வந்து, காலை லோஞ்சில் கொட்டியாரக்குடாவைக் கடந்தேன். உப்புத் தண்ணீர் தெறிக்காமலிருக்க என் சேட்டைக் கழற்றிப் பார்சலைச் சுற்றியது நினைவிருக்கிறது. வெளியிலிருந்து வரும் தண்ணீருக்குப் பயந்தேனே தவிர, உள்ளே இருந்த கோளாறு எனக்குத் தெரியவில்லை.

இருபதும் இரண்டு மாதத்தில் விற்றுப்போயின. மூன்றாவது மாதத்திற்குள் பதினொன்று திரும்பி வந்தன.

சிலவற்றில் மெமரி கார்ட் பிழை. மேலே 8 ஜிபி என்று அச்சடித்திருந்தது, உள்ளே இருந்தது 2 ஜிபி. கார்டை இணைத்துப் பார்த்தால் கணினிகூட எட்டு என்றுதான் சொல்லும். அதன் கட்டுப்பாட்டுச் சில்லிலேயே பொய் சொல்ல ஏற்பாடு செய்திருப்பார்கள். இரண்டுக்கு மேல் நிரப்பினால்தான் பழையது அழிந்து குழம்பும். அக்காலத்தில் சொனியின் மெமரி ஸ்டிக் மற்றக் கார்டுகளைவிட விலை கூடியது என்பதால் அதில்தான் போலிக்காரர்களுக்கு வருமானம்.

சிலவற்றில் பற்றரி. 2007 இல் வந்த மெல்லிய மொடலுக்கு சொனியின் அசல் பற்றரி 1200 மில்லி அம்பியர் மணி. எனக்கு வந்த சில பற்றரிகளில் 3600 என்று எழுதியிருந்தது. நானும் “இது மூன்று மடங்கு பற்றரி” என்று சொல்லி விற்றேன்! கூட்டின் அளவு அதேதான். சொனியே அதிக நேரம் ஓடுவதற்கென்று விற்ற பற்றரி 2200 தான். அதற்கும் தடித்த பின்மூடி தனியாகப் போட வேண்டியிருந்தது. ஒரு சுண்டு கொள்ளும் தகரத்தில் மூன்று சுண்டு அரிசி இருக்கிறது என்று ஒருவன் சொன்னால் நம்பமாட்டோம். பற்றரியில் எழுதியிருந்தால் நம்பிவிடுகிறோம்.

மூன்றாவது வகைதான் இந்தச் சகோதரியின் மகனுக்கு நேர்ந்தது. அவன் வைஃபை கிடைக்கும் ஓரிடத்தில் செட்டைப் போட்டிருக்கிறான். ‘புதிய மென்பொருள் வந்திருக்கிறது’ என்று திரையில் கேட்டிருக்கிறது. சரி என்று அமுக்கியிருக்கிறான். பாதியில் கரண்ட் போனது, போலிப் பற்றரி தாங்கவில்லை, செட் அணைந்தது. அதன் பிறகு பச்சை விளக்கு மட்டும் எரியும், திரை கறுப்பாகவே இருக்கும். உலகம் முழுக்க இந்த நிலைக்கு ‘செங்கல் ஆகிவிட்டது’ என்றுதான் சொல்கிறார்கள். கல்லுக்கும் அதற்கும் வித்தியாசமில்லை என்ற பொருளில்.

அந்தத் தாயிடம் நான் என்ன சொன்னேன்? “பிள்ளை கண்டபடி அமுக்கியிருக்கிறான், செட்டில் பிழையில்லை” என்றேன். திருத்தித் தருவதாகச் சொல்லி 4,000 ரூபா வாங்கினேன். கொழும்பில் ஒரு டெக்னீஷியன் 2,500 எடுத்தார். மீதி 1,500 என் பைக்குள் போனது.

அந்தச் செட் சொனி கொடுத்த மென்பொருளோடு இருக்கவில்லை, உள்ளே மாற்றப்பட்டது, கம்பனியின் அப்டேட் வந்தால் தொடக்கூடாது என்ற எச்சரிக்கையை விற்றபோதே நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கே அப்போது தெரியாது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் 4,000 வாங்கிய அன்று தெரியும்.

டெக்னீஷியனின் பற்றரி

கொழும்பில் அந்த டெக்னீஷியன் செய்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஸ்கிரூ ஒன்றைக்கூட அவர் கழற்றவில்லை. லாச்சியிலிருந்து பார்வைக்குச் சாதாரணமான பிஎஸ்பி பற்றரி ஒன்றை எடுத்தார். தன்னுடைய மெமரி ஸ்டிக்கோடு சேர்த்துச் செட்டில் போட்டார். செத்த செட் தானாக விழித்துக்கொண்டது. சில நிமிடத்தில் வேலை முடிந்தது.

விஷயம் இதுதான். பிஎஸ்பி பற்றரிக்குள் ஒரு சிறிய சில்லு இருக்கிறது. அதில் பற்றரியின் தொடர் இலக்கம் பதிந்திருக்கும். சொனியின் திருத்தும் நிலையங்களுக்கென்று ஒரு விசேட இலக்கம் உண்டு. அந்த இலக்கமுள்ள பற்றரியைப் போட்டால், செட் தன் உள் நினைவகத்தைப் பார்க்காமல் நேரே மெமரி ஸ்டிக்கிலிருந்து எழும்பும். கம்பனிக்காரர் தமது வசதிக்கு வைத்துக்கொண்ட பின்கதவு அது. 2007 இல் வெளியார் சிலர் அதைக் கண்டுபிடித்து, சாதாரண பற்றரியிலேயே அந்த இலக்கத்தைப் பதியப் பழகிவிட்டார்கள். ‘பண்டோராவின் பற்றரி’ என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். செத்ததை எழுப்பவும் அதுதான், நல்ல செட்டில் கள்ள மென்பொருள் போடவும் அதுதான். 2008 இல் வந்த 3000 மொடலில் சொனி அந்த வழியை அடைத்துவிட்டது.

ஓசியில் கேம் விளையாடத்தான் சனம் இப்படி மாற்றுகிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். அது பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் வேறு காரணங்களும் இருந்தன. பிஎஸ்பிக்கு கேம் வருவது யூஎம்டி என்ற சிறிய வட்டத்தட்டில், பிளாஸ்டிக் கூட்டோடு. அதைச் சுற்றுவதற்கு உள்ளே ஒரு மோட்டர். மோட்டர் சுற்றினால் பற்றரி இறங்கும், கேம் திறக்கவும் நேரம் எடுக்கும். அதே கேம் மெமரி ஸ்டிக்கில் இருந்தால் மோட்டர் ஓய்ந்திருக்கும், பற்றரி கூடுதலாக நிற்கும். இன்னொன்று, இந்தச் செட்டின் மூளை 333 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் ஓடக்கூடியது. 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளியானபோது பற்றரியை மிச்சப்படுத்த சொனி கேம்களை 222 இல் நிறுத்தி வைத்தது. மாற்றியவர்கள் முழு வேகத்தையும் திறந்து ஓடவிட்டார்கள். பிறகு 2007 இல் சொனியே தன் அப்டேட்டில் 333 ஐ அனுமதித்தது.

இந்த இடத்தில்தான் ஒரு வியாபாரியாக எனக்கு யோசனை பிடித்தது. வாடிக்கையாளன் காசு கொடுத்து வாங்கிய சாமானை ஏன் கழற்றுகிறான்? அவனுக்குத் தேவையான ஏதோ ஒன்றைக் கம்பனி கொடுக்கவில்லை. கேம் செட்டுகளின் வரலாற்றில் இது பல தடவை நடந்திருக்கிறது.

இருட்டுத் திரையும் வெளியாரின் விளக்கும்

நின்டென்டோ கம்பனி 2001 இல் ‘கேம் போய் அட்வான்ஸ்’ என்றொரு செட்டை வெளியிட்டது. வண்ணத் திரை, இரண்டு சிறிய பற்றரி, அந்தப் பற்றரியில் சுமார் பதினைந்து மணித்தியால ஓட்டம். எல்லாம் நன்று, ஒன்றைத் தவிர: திரைக்கு வெளிச்சம் கிடையாது. யன்னல் பக்கம் திரும்பியிருந்தால்தான் படம் தெரியும். சனம் முறையிட்டது. கம்பனி உடனே அசையவில்லை.

2002 இல் அமெரிக்காவில் ஒரு சிறிய நிறுவனம் ‘ஆஃப்டர்பேர்னர்’ என்ற பெயரில் ஒரு விளக்குத் தொகுதியை விற்றது. செட்டைக் கழற்றி, திரைக்கு மேலே மெல்லிய வெளிச்சத் தகட்டை வைத்து, வயரை ஈயம் பற்றவைக்க வேண்டும். தகட்டுக்குள் ஒரு தூசி அகப்பட்டால் போச்சு, விளக்கு எரியும் போதெல்லாம் நட்சத்திரம்போல் மினுங்கும். பற்றரியும் சீக்கிரம் இறங்கும். அப்படியிருந்தும் சனம் வாங்கியது. 2003 இல் நின்டென்டோ அதே செட்டை மடிக்கும் வடிவில், உள்ளே விளக்கும் சார்ஜ் ஏற்றும் லித்தியம் பற்றரியும் வைத்து மறுபடி விற்றது. 2005 இல் இன்னும் பிரகாசமான திரையோடு ஒரு பதிப்பு வந்தது. (விளக்கைக் கொடுத்த கம்பனி அந்தச் செட்டில் இயர்போன் துளையை எடுத்துவிட்டு, அதற்கு ஒரு துண்டு வயரைத் தனியாக விற்றது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுப்பதென்பது இதுதான்.)

வெளிச்சமில்லாத திரையை அவர்கள் தெரியாமல் வைக்கவில்லை. அந்தக் கம்பனிக்கு அது ஒரு கொள்கை மாதிரி. அதை அறிய கன்பெய் யொக்கோய் என்ற மனிதரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1889 இல் கியோட்டோ நகரில் ஜப்பானிய விளையாட்டுச் சீட்டு செய்யத் தொடங்கிய கம்பனி நின்டென்டோ. யொக்கோய் 1965 இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தது சீட்டு செய்யும் இயந்திரங்களைப் பராமரிக்க. வேலையில்லாத நேரத்தில் தனக்கு விளையாட ஒரு நீட்டிச் சுருக்கும் பொம்மைக் கையைச் செய்தார். முதலாளி கண்டார். திட்டுவார் என்று பயந்தவரிடம், இதை விற்பனைக்கு உகந்த பொருளாக்கு என்றார். 1966 இல் அது கடைக்கு வந்து பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது.

எழுபதுகளில் ஜப்பானில் கல்குலேட்டர் கம்பனிகள் விலைப் போட்டியில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. அதனால் கல்குலேட்டரின் சிறிய திரையும் சில்லும் மலிந்து போயின. யொக்கோய் அதைத்தான் பிடித்தார். ரயிலில் ஒரு உத்தியோகத்தர் பொழுது போகாமல் கல்குலேட்டர் பொத்தான்களை அமுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து வந்த யோசனை என்று சொல்வார்கள். 1980 இல் ‘கேம் அண்ட் வோட்ச்’ வந்தது. இன்று பெரும்பாலான கேம் செட்டுகளில் இடது பக்கம் இருக்கும் கூட்டல் குறி வடிவப் பொத்தான் 1982 இல் அந்த வரிசையில் ஒரு செட்டில்தான் முதலில் வந்தது.

பழசாகி, விலை இறங்கி, அதன் குணமும் கோளாறும் எல்லோருக்கும் தெரிந்துவிட்ட பொருளை யாரும் நினைக்காத வேறு வேலைக்குப் போடு என்பதுதான் அவருடைய வழி. 1989 ஏப்ரல் 21 இல் அப்படித்தான் ‘கேம் போய்’ வந்தது. திரை கறுப்பு வெள்ளைகூட இல்லை, பாசி பிடித்த பச்சையில் நான்கு சாயல். நான்கு பற்றரி போட்டால் பத்து மணித்தியாலத்துக்கு மேல் ஓடும். அமெரிக்காவில் விலை 90 டொலருக்குச் சற்றுக் குறைவு. அதே வருடம் வண்ணத் திரையும் விளக்குமாக வந்த அட்டாரியின் ‘லிங்ஸ்’ அதைப்போல் இரு மடங்கு விலை. ஆறு பற்றரி போட்டாலும் நான்கைந்து மணித்தியாலம்தான். 1990 இல் வந்த சேகாவின் ‘கேம் கியர்’ கதையும் அதுவே. பிள்ளையின் கையில் எது நின்றது? கேம் போயும் பின்னால் வந்த அதன் வண்ணப் பதிப்பும் சேர்ந்து 118 மில்லியனுக்கு மேல் விற்றன. கேம் கியர் சுமார் 10 மில்லியன்.

பெற்றோருக்குச் செட்டின் விலை ஒரு தடவைதான். பற்றரி விலை வாராவாரம். நின்டென்டோ இந்தக் கணக்கைப் பார்த்தது. நமது கடைகளில் ‘அம்சம்’ என்று எதைப் பெரிதாகச் சொல்லி விற்கிறோமோ, அது வாங்குபவரின் வீட்டில் வாராவாரம் என்ன செலவு வைக்கும் என்று நம்மில் எத்தனை பேர் யோசிக்கிறோம்?

கேம் போய் பழுதுபட்டாலும் திருத்த முடியும். திரையில் செங்குத்தாகக் கோடு விழுந்து படம் மறைந்தால், திரையின் அடியிலுள்ள தட்டை வயர் ஒட்டுமிடத்தில் இளஞ்சூட்டுச் சோல்டரிங் அயனை மெதுவாக ஓட்டினால் பெரும்பாலும் திரும்பி வரும். பற்றரி ஒழுகிப் பச்சை பூத்திருந்தால் வெள்ளை வினாகிரியில் பஞ்சை நனைத்துத் துடைத்து நன்றாகக் காயவைக்க வேண்டும். கேம் கார்டின் தங்க நிறத் தொடுமுனைகளை வாயால் ஊதுவது பிள்ளைகளின் பழக்கம். ஊதினால் எச்சில் ஈரம் படிந்து பூக்கும். அல்ககோல் தொட்ட பஞ்சுக் குச்சியே சரி. மூதூர், கிண்ணியா போன்ற கடற்கரை ஊர்களில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது கேம் செட்டுக்கு மட்டுமான விஷயமல்ல. உப்புக் காற்று எல்லாச் சாமானின் தொடுமுனையையும் தின்கிறது. மாதம் ஒரு தடவை அலுமாரிச் சாமானை எடுத்துத் துடைத்தாலே பாதி முறைப்பாடு குறையும்.

சட்டம் எந்த இடத்தில் குறுக்கே வரும்

செட்டைத் திருத்துவது வேறு, அதில் பிறர் உழைப்பைக் களவாக ஏற்றி விற்பது வேறு. இதை நான் தாமதமாகத்தான் பிரித்தறிந்தேன். நின்டென்டோ டிஎஸ் என்ற செட்டுக்கு ‘ஆர்4’ என்ற கார்ட் வந்தது பலருக்கு நினைவிருக்கும். மெமரி கார்டில் கேம்களை ஏற்றி, அந்த ஒரு கார்டால் எல்லாவற்றையும் ஓட்டலாம். 2009 பெப்ரவரியில் டோக்கியோ நீதிமன்றம் அதன் விற்பனையை ஜப்பானில் தடுத்தது, 2010 இல் பிரித்தானிய உயர் நீதிமன்றமும் தடுத்தது. நின்டென்டோ ஸ்விட்ச் செட்டின் பூட்டைத் திறக்கும் சாதனங்களை விற்ற கூட்டத்தில் ஒருவருக்கு 2022 பெப்ரவரியில் அமெரிக்காவில் 40 மாதச் சிறை. அதோடு மொத்தம் 14.5 மில்லியன் டொலர் கட்ட வேண்டும் என்ற பொறுப்பும் அவர் தலையில். நமது நாட்டிலும் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளைப் பாதுகாக்கிறது. மூதூரில் யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுபக்கம், திருத்துவதை இப்போது கம்பனிகளே ஒத்துக்கொள்ளத் தொடங்கியிருக்கின்றன. வால்வ் கம்பனி 2022 இல் ‘ஸ்டீம் டெக்’ என்ற கையடக்கச் செட்டை வெளியிடுவதற்கு முன்பே, அதைக் கழற்றுவது எப்படி என்று தானே படம் எடுத்துக் காட்டியது. உதிரிப்பாகங்களை ஐஃபிக்ஸிட் என்ற நிறுவனத்தின் மூலம் விற்பனைக்கும் விட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் இயற்றிய பற்றரிச் சட்டம், சிறு சாதனங்களின் பற்றரியைப் பாவிப்பவரே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. அது அமுலாக வேண்டிய திகதியாக 2027 பெப்ரவரி 18 குறிக்கப்பட்டது.

நம்மூரில் அதை எப்போதோ செய்துவிட்டார்கள் சீனத்துக்காரர். ‘சுப்’ என்று பெயர் போட்டு, 400 கேம் உள்ளே இருக்கிறது என்று வரும் சிறிய பெட்டியைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். அதன் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே இருப்பது பழைய நொக்கியா போன்களில் வந்த பிஎல்-5சி ரகப் பற்றரி. நமது அலுமாரியில் தூசி பிடித்துக் கிடக்கும் அதே பற்றரிதான். கியோட்டோக்காரர் 1980 இல் கல்குலேட்டர் திரையைப் பிடித்தது போல, இவர்கள் நொக்கியா பற்றரியைப் பிடித்திருக்கிறார்கள். 2022 இல் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 க்கு மேல் ஏறி, ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை கரண்ட் வெட்டிய நாட்களில், பிள்ளைகளை இருட்டில் அடக்கி வைக்க என்னிடம் இருந்தது அந்தப் பெட்டிதான். மாற்றுப் பற்றரி ஒன்று சேர்த்து வாங்கிப் போனவர்கள் பலர். ஆனால் அதற்குள் இருக்கும் நானூறில் பெரும்பாலானவை நின்டென்டோ முதலான கம்பனிகளின் பழைய கேம்களின் பிரதி. அதை அறிந்த பிறகு நான் அந்தப் பெட்டியை மீண்டும் ஓடர் பண்ணவில்லை. பற்றரி மட்டும் விற்கிறேன். என் மருமகன் இதில் என்னோடு உடன்படவில்லை. பக்கத்துக் கடையில் அது விற்கிறதே என்கிறார். விற்கிறதுதான்.

இப்போது பாவித்த செட் எது வந்தாலும், ஆளை முன்னால் வைத்துக்கொண்டே பின்மூடியைத் திறக்கிறேன். பற்றரி மேசையில் ஆடாமல் தட்டையாக இருக்கிறதா? ஸ்கிரூவின் தலை தேய்ந்திருக்கிறதா? தேய்ந்திருந்தால் யாரோ உள்ளே போய் வந்திருக்கிறார்கள். உத்தரவாதச் சீல் கிழிந்திருக்கிறதா? மெமரி கார்டை அச்சடித்த அளவுக்கு முழுக்க நிரப்பி, திரும்பப் படித்துப் பார்க்கிறேன். ஒரு மணித்தியாலம் செட்டை ஓடவிட்டு, பற்றரி எவ்வளவு இறங்குகிறது என்று குறிக்கிறேன். விற்கும்போது பில்லோடு ஒரு துண்டும் கொடுக்கிறேன். எது அசல், எது மாற்றியது, எதைத் தொடக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். துண்டைப் படித்துவிட்டு வாங்காமல் போனவர்களும் உண்டு. வாங்கியவர்கள் சண்டைக்கு வந்ததில்லை.

சகோதரியின் செட்டுக்கு வருகிறேன். உள்ளே பெரிய சேதமில்லை. வட்டத்தட்டு சுற்றும் மோட்டர் நின்றுபோயிருந்தது. கூட்டல் குறிப் பொத்தானின் கீழுள்ள ரப்பர் அழுக்கேறி இருந்தது, துடைத்தேன். நல்ல பற்றரி ஒன்று கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். போட்டதும் பச்சை விளக்கு எரிந்தது, திரையும் வந்தது.

மறு வாரம் பேரப் பிள்ளையோடு வந்தார். அப்போதுதான் 2009 கதையைச் சொன்னேன். செட் மாற்றப்பட்டது என்பதையும், 4,000 இல் 1,500 நான் எடுத்ததையும். சற்று நேரம் பேசாமல் நின்றார்.

“மகனுக்கு அண்டைக்கு நான் அடிச்சன் காக்கா, சாமான உடைச்சுப் போட்டான் எண்டு” என்றார்.

அந்த மகன் இப்போது கட்டாரில் வேலை செய்கிறார். 1,500 ரூபாவை எடுத்து நீட்டினேன். அன்றைய 1,500 க்கு இன்று என்ன பெறுமதி என்று எனக்கும் தெரியும், கூடுதலாகவும் வைத்தேன். காசை அவர் தொடவில்லை. “அவனுக்கிட்ட சொல்லுங்க” என்று மகனின் வட்ஸ்அப் இலக்கத்தை எடுத்துத் தந்தார். பற்றரிக் காசை மட்டும் எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

பையன் துண்டைப் படித்துக்கொண்டே போனான். அதில் இப்படி எழுதியிருந்தேன்: பற்றரி புதியது, அசல் அல்ல, 1200. மென்பொருள் மாற்றியது, அப்டேட் கேட்டால் அமுக்க வேண்டாம். தட்டு சுற்றாது. வீங்கினால் உடனே கடைக்குக் கொண்டு வரவும்.